மாமன் நடந்துதான் வரோணுமுங்க

எங்கள் நாகர்கோவில்காரர்களுக்கு ஆரல்வாய்மொழி தாண்டினாலே வெளிநாடுதான். காற்று நின்றுவிடும், குழம்பில் தேங்காய் குறைந்துவிடும், ‘ஏம்லே’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. ஆகவே தங்கை மகள் கல்யாணத்துக்காகச் சேலம், நாமக்கல் பக்கம் போய்வந்ததை நான் வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

முதலில் என் மூச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டு உலர்த்தும் கூடம் ஒன்றை முப்பது வருடம் நடத்தினேன். ஷீட்டுக்கு ஏறிய புகையில் பாதி எனக்கும் ஏறிவிட்டது. நுரையீரலில் அடைப்பு, இது போகிற வியாதி இல்லை, கூடவே இருக்கிற வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்திருக்கும்போது நான் ராஜா. எழுந்து நாலடி வைத்தால்தான் பாடு. அதிலும் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு நடந்தால் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

சேலம் ஸ்டேஷனில் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்தோடு மேம்பாலத்தில் படியேறினேன். பாதியில் மூச்சு போய்விட்டது. இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் ஒரு வித்தை உண்டு. போனை எடுத்து முக்கியமான செய்தி வந்த மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன். அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நான் படித்த ‘செய்தி’ ஒரு சிறுகதை நீளம் இருக்கும். கீழே வந்து சேர்ந்தபோது என் தங்கை கோமதி என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“அண்ணே, உட்காருங்க” என்றாள். இது அந்த வாரம் முழுக்க நான் கேட்கப்போகிற வாக்கியம்.

கோமதி இந்தப் பக்கத்து மருமகளான கதை சுருக்கமானது. எங்கள் கூடத்துக்கு ரப்பர் ஏற்ற வந்த லாரிக்காரர் பழனியப்பன், இரண்டாவது டிரிப்பில் என் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முறைப்படி பெண் கேட்டு, எல்லோர் சம்மதத்தோடும்தான். நாமகிரிப்பேட்டையில் வீடு, நாலு லாரி, கொஞ்சம் மஞ்சள் வியாபாரம். தங்கையும் வந்த கொஞ்ச காலத்திலேயே ‘ங்க’ போட்டுப் பேசப் பழகி, கூடப் பிறந்த அண்ணனையே ‘நீங்க’ ஆக்கிவிட்டாள்.

“வாங்க மச்சான், பயணமெல்லாம் சௌரியமுங்களா?” என்று மாப்பிள்ளை பையை வாங்கிக்கொண்டார். அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவருக்கும் அறுபது நெருங்குகிறது. ஆனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு நிறச் சட்னி. ஒரே வாயில் போடவேண்டும், யோசித்தால் சட்டை போச்சு. நான் யோசித்துவிட்டேன்.

நாமகிரிப்பேட்டை வீட்டில் நாற்காலி உபசாரம் தொடங்கியது. வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கை கழுவும் இடத்தில்கூட ஒன்று. நான் எழுந்தால் யாராவது ஒருவர் எழுந்து நாற்காலியை என் பின்னால் கொண்டுவருவார். கோமதி வீடு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“எங்க பக்கம் தாய்மாமன் சீருதானுங்க மச்சான் கல்யாணத்துல பெரிசு. புள்ளையார் கோயில்ல இருந்து மேளத்தோட மாமன் சீர் கொண்டுக்கிட்டு மண்டபத்துக்கு நடந்துதான் வரோணுமுங்க. சேலையைப் பொண்ணு கையில மாமன் குடுத்த பொறவுதான் அவ மணவறை ஏறுவா.”

“அதெல்லாம் வேண்டாமுங்க” என்றாள் கோமதி. “காருக்குப் பூ வெச்சுச் சோடிச்சுக்கலாம். அண்ணன் கார்ல வரட்டும். தட்டை வேற யாராவது தூக்கிக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு நான் ஒரே அண்ணன். கீர்த்தனா அவளுக்கு ஒரே மகள். அந்தக் குழந்தைக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் என் மடியில். இப்போது அவள் கல்யாணத்தில் நான் காரில் சாமான் மாதிரி வந்து இறங்க, தட்டை வேறு எவனோ தூக்கிக்கொண்டு வருவானாம். “முடியாது, நான் நடந்துதான் வருவேன்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, அதற்கே மூச்சு வாங்கியது.

“பாத்தீங்களா, பேசவே முடியல” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தப்ப இதே வாசல்ல விழுந்தீங்களே. உதடெல்லாம் நீலமாப் போயி, மடியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நானுங்க. திரும்பவும் அதைப் பாக்க என்னால ஆகாது.”

அவள் பயம் நியாயம். என் ஆசையும் நியாயம். மறுநாள் கல்யாணச் சாமான் வாங்கச் சேலம் போவதாக இருந்தார்கள். “ஃபேர்லேண்ட்ஸ்ல நுரையீரல் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வரலாம், அவர் சொல்றபடி கேக்கணும்” என்றாள். நடக்கவே கூடாது என்று டாக்டர் வாயாலேயே சொல்லவைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. எனக்கும் வேறு வழி தெரியவில்லை, சரி என்றேன்.

கோமதியின் கணக்கை டாக்டர் ஐந்து நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டார். ஊதச் சொல்லி, எக்ஸ்ரே படம் பார்த்து, விரலில் கிளிப் மாட்டித் தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, “இவர் நடக்காம உட்கார்ந்தே இருக்கிறதுதான்மா பிரச்சினை. உட்கார உட்காரக் கால் சதை தேஞ்சு போகும், அப்புறம் கொஞ்ச தூரத்துக்கே அதிகமா மூச்சு வாங்கும். நடக்கட்டும், ஆனா நடக்கிற முறை தெரியணும்” என்று மாடிக்கு அனுப்பினார். லிஃப்டில் கோமதி என்னைப் பார்க்கவேயில்லை. நான் வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு நின்றேன்.

மாடியில் ஒரு நீண்ட அறை. மூச்சு வாங்குகிறவர்களின் மாநாடு! குமாரபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் நின்ற இடத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் ஒரே ஒரு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். யாரும் போனை எடுத்துச் செய்தி படிப்பதாகப் பாவனை செய்யவில்லை. மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று வெளிப்படையாக நின்றார்கள். பல வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு கூட்டத்தில் வெட்கமாக இல்லை.

பயிற்சி கொடுத்தவள் சுதா, ஆத்தூர்ப் பெண். நான் பத்தடி நடந்துவிட்டு வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளி இழுப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐய, இன்னா சார் இது? ஏற்கெனவே உள்ள காத்து ரொம்பிக்கிடக்குது. அது வெளியே போனாத்தானே புதுசு வரும்? நீங்க மேல மேல இழுத்தா எங்க போய்ச் சேரும்?”

பக்கத்தில் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்த பெரிய மீசைக்காரர் என் பக்கம் திரும்பினார். செல்லமுத்து, திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வண்டியில் வடநாடெல்லாம் சுற்றிக் கல்தூசியைத் தின்றவர். “நானும் இப்படித்தானுங்க. ஏர் ஃபில்டர் அடைச்சுக்கிச்சுன்னு நெனச்சுக்கிட்டு இழு இழுன்னு இழுத்தனுங்க. அம்மிணி சொன்ன பொறவுதான் தெரிஞ்சுது, அடைச்சது சைலன்சருங்க. பொகை வெளிய போகலீன்னா வண்டி எப்படிங்க இழுக்கும்?”

இதைக் கேட்டு மாப்பிள்ளை அடைந்த பரவசத்தைச் சொல்லி மாளாது. டாக்டர் காட்டிய படத்தில் விளங்காதது சைலன்சரில் விளங்கிவிட்டது. “அட, அப்படிச் சொல்லுங்க!” என்று செல்லமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி, இழுத்ததைப் போல இரண்டு பங்கு நேரம் மெதுவாக விடவேண்டும். எழுந்திருக்கிறோம், படியேறுகிறோம், எதையாவது தள்ளுகிறோம் என்றால், சிரமப்படுகிற அந்த நொடியில் மூச்சை அடக்காமல் வெளியே விடவேண்டும். இன்ஹேலரை மூச்சு வாங்கின பிறகு தேடாமல், டாக்டர் சொன்னபடி நடப்பதற்குக் கால் மணி முன்னாலேயே இழுத்துக்கொள்ளவேண்டும். மூச்சு முட்டுகிறவரை ஓடாமல், முட்டுவதற்கு முன்னாலேயே நிற்கவேண்டும். நின்றால் முகத்துக்கு நேரே சின்ன விசிறியைப் பிடிக்கவேண்டும். கன்னத்திலும் மூக்கிலும் காற்றுப் படப்பட மூச்சுத் திணறுகிற உணர்வு தணிகிறது. ஏன் என்று கேட்டேன், மூளை சமாதானமாகிவிடுகிறது என்றாள் சுதா. என் மூளையைச் சமாதானப்படுத்த ஒரு பேட்டரி விசிறி போதும் என்று என் மனைவிக்கு இருந்தவரை தெரியாமல் போயிற்றே.

“ஒரு வாரத்துல சரியாகுமா?” என்று கோமதி கேட்டாள்.

“ஒரு வாரத்துல நுரையீரல் மாறாதுங்கம்மா. நடக்கிற விதம் மாறும்.”

கோமதி உம்மென்று இருந்தாள். அந்தக் கோபத்தோடு பக்கத்திலிருந்த பெரிய கடைக்குள் நுழைந்து சாமான் எடுக்கத் தொடங்கினாள். தள்ளுவண்டி என்னிடம் வந்தது. முந்திரி, கற்பூரம், பேப்பர் கப் என்று அவள் போட்டுக்கொண்டே போக, நான் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் குனிந்தபடி தள்ளிக்கொண்டே, நாகர்கோவில் விலைக்கும் சேலம் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை உரக்க விமர்சித்துக்கொண்டே போனேன். கடையை இரண்டு சுற்றுச் சுற்றியபிறகுதான் மாப்பிள்ளை என்னை உற்றுப் பார்த்தார்.

“மச்சான், உங்களுக்கு மூச்சே வாங்கலீங்களே?”

ஆமாம்! வாங்கவில்லை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கே நம்ப முடியாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனேன். சோப்பு அடுக்கின் முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமதி பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். சுதாவுக்குப் போன் போட்டுக் கேட்டபோது அவள் ஆச்சரியப்படவேயில்லை. கையை ஊன்றி முன்னால் சாய்ந்தால் தோள், நெஞ்சுச் சதையெல்லாம் மூச்சுக்கு ஒத்தாசையாக வந்துவிடுமாம், நிறையப் பேருக்கு அப்படித்தானாம்.

அந்த நிமிஷமே மாப்பிள்ளைக்கு யோசனை உதித்துவிட்டது. தட்டைக் கையில் தூக்கினால்தானே கஷ்டம்? சீரை ஒரு வண்டியில் வைத்து மாமன் தள்ளிக்கொண்டு வரட்டும். “சீர் மாமன் கையால வரோணும், அவ்வளவுதானுங்க. தட்டுலதான் வரோணும்னு யாரு சொன்னா? வண்டியை நம்ம பட்டறையில செஞ்சுக்கலாமுங்க.” கோமதி மட்டும், “கார் கார்தான்” என்று சொல்லிவிட்டுப் பில் போடப் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் காலையில் பயிற்சி, மாலையில் வீட்டுத் தெருவில் நடை. மூன்றாம் நாள் ஜேடர்பாளையம். நடந்து பழக அணைக்கட்டுப் பூங்கா நல்ல இடம், நிழல் உண்டு, காவிரிக் காற்று உண்டு என்று மாப்பிள்ளை கிளப்பினார். கார் பத்திரிகை வைக்கப் போயிருந்ததால் லாரியில் பயணம். லாரி கேபினுக்கு ஏறுவதென்றால் எனக்கு மலையேறுவது மாதிரிதான். ஸ்டூல் போட்டார்கள். ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் குவித்து ஊதி ஊதி ஏறி உட்கார்ந்தபோது, டிரைவர் பயபக்தியோடு, “மந்திரமுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஜேடர்பாளையத்தில் நான் செய்தது முழு முட்டாள்தனம். நடப்பதற்கு முன்னால் மீன் சாப்பிட்டேன். அணைக்கட்டு ஓரத்துக் கடைகளில் ஆற்று மீனை மசாலா தடவி அப்போதைக்கப்போதே பொரித்துத் தருகிறார்கள். நாங்கள் கடல்மீன்காரர்கள், ஆற்று மீனென்றால் கொஞ்சம் இளப்பம். அந்த இளப்பத்தோடு ஒரு துண்டு வாயில் வைத்தேன், பிறகு எத்தனை துண்டு என்று கேட்காதீர்கள். கூடவே சோறு, மீன் குழம்பு, அவித்த முட்டை. இந்த ஜில்லாவில் முட்டை இல்லாமல் இலையை மடிக்க விடமாட்டார்கள். எழுந்து நடந்தால், பூங்கா வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. வயிறு மேலே ஏறி நெஞ்சை அடைத்துக்கொண்டது. ஊதினேன், விசிறி பிடித்தேன், ஒன்றும் எடுபடவில்லை. பெஞ்சில் சாய்ந்து கிடந்தேன்.

பயமாகத்தான் இருந்தது. கல்யாணத்தன்று ரோட்டில் இப்படி ஆனால் என் மானம் போவது இருக்கட்டும், கோமதியின் ஒரே மகள் கல்யாணத்தில் அவளுக்கு அந்த நீல உதட்டை மறுபடி காட்டிவிடுவேனே. கார்தான் சரியோ என்று முதல்முறையாகத் தோன்றியது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓவர்லோடுங்க மச்சான், வேறொண்ணுமில்லீங்க” என்றார். வயிறு இறங்கியபின் நடந்து பார்த்தேன். அணைக்கட்டுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். எனக்கும் தெம்பு திரும்பியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, வண்டி தயார் என்று நாமக்கல் பட்டறையிலிருந்து போன் வந்தது. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. மேஸ்திரி தங்கராசு துணியை விலக்கிக் காட்டினார்.

அது தள்ளுவண்டி இல்லை, குட்டி லாரி. இரும்புச் சட்டம், மேலே தேக்குப் பலகை, சுற்றிலும் கதவு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், இரண்டு பக்கமும் தாமரை, நெற்றியில் ‘தாய்மாமன் சீர்’ என்று மஞ்சள் எழுத்து, கண் படாமலிருக்கக் கறுப்புக் கயிறு. ஹாரன்கூட இருந்தது. ஒரே ஒரு குறை, நகரவில்லை. நான் தள்ளினேன், அது நின்றது. மாப்பிள்ளையும் சேர்ந்து தள்ளினார், முனகிக்கொண்டு அரையடி போயிற்று.

“எவ்வளவு லோடு தாங்கும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு டன் தாங்குமுங்க” என்றார் தங்கராசு பெருமையோடு.

“சேலையும் தேங்காயும்தானே வைக்கப்போகிறோம்?”

“ஆமாங்க. இருந்தாலும் மாமன் சீருங்களே!”

பட்டறையே சிரித்தது, கடைசியில் தங்கராசுவும் சிரித்துவிட்டார். பலகையைக் கழற்றினார்கள், கதவைக் கழற்றினார்கள், சட்டத்தில் பாதியை அறுத்து எடுத்தார்கள். மெல்லிய குழாயும் நாலு சின்னச் சக்கரமும் பெயர்ப்பலகையும் ஹாரனும் மிஞ்சின. ஹாரனைக் கழற்ற மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. இப்போது தள்ளினால் ஓடியது. ஆனால் கைப்பிடி என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதைப் பிடித்தால் நிமிர்ந்துதான் நடக்கமுடியும், பத்தடியில் மூச்சு வாங்கிவிட்டது.

“இதை இறக்க வேண்டுமே” என்றேன்.

தங்கராசு முகம் வாடியது. “வேணும்னேதானுங்க ஒசத்தி வெச்சேன். மாமன் ஊரே பாக்கக் குனிஞ்சுக்கிட்டு வந்தா நல்லாருக்குமுங்களா? நெஞ்சை நிமித்தி வரோணுமில்லீங்க?”

அவர் சொன்னதில் ஒரு அக்கறை இருந்தது. மரியாதையாக நிமிர்ந்து காரில் போய் இறங்குவதா, ரோட்டில் குனிந்து நடந்து போவதா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் மரியாதை என்று அவருக்கு விளக்கினேன். அவர் மீசையைத் தடவினார். “அப்படீங்களா” என்று வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கைப்பிடி வந்து உட்கார்ந்தது, முழங்கை ஊன்ற ரப்பர் சுற்றினார்கள். எங்கள் ஊர் ரப்பராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியைப் பார்த்த கோமதி, “காரும் பின்னாலேயே வரும்” என்றாள். அதற்கப்புறம் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கல்யாணக் காலை இரண்டே இட்லி. “மாமா, இன்னும் ஒண்ணு” என்று கெஞ்சினவர்களையெல்லாம் ஜேடர்பாளையத்தை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். நேரத்துக்கு இன்ஹேலர். பட்டுச் சட்டையில் கழுத்துப் பொத்தானை மாட்டவில்லை, விசிறியைக் கைப்பிடியில் கட்டிவிட்டேன். போகிற வழியில் மஞ்சள் மண்டிகள் உண்டு. மஞ்சளைப் பீப்பாயில் போட்டு உருட்டிப் பாலிஷ் போடும்போது கிளம்பும் தூசி எனக்கு ஆகாது என்று, மாப்பிள்ளை முந்தின நாளே ஒவ்வொரு கடையாகப் போய்ச் சீர் தாண்டுகிறவரை பீப்பாயை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார். அவர்களும் நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்று கும்பிட்டார்கள்.

பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, வண்டியில் சேலை, தேங்காய், வாழைப்பழம், பூ எல்லாம் ஏற்றியதும் ஜமாப் மேளம் அதிர்ந்தது. தலையில் உருமால் கட்டிவிட்டார்கள். ஊதினேன், தள்ளினேன். மூச்சு விடும்போது இரண்டடி, இழுக்கும்போது ஓரடி. பின்னால் தட்டுகளோடு பெண்கள், அதற்குப் பின்னால் பூப்போட்ட காலிக் கார்.

முட்டுவதற்கு முன்னால் நிற்கவேண்டும் என்பது சட்டமாயிற்றே, நின்றேன். மாமன் நின்றால் சீர் நிற்கும், சீர் நின்றால் ஊர்வலமே நிற்கும். மாமன் ஆட்டம் கேட்கிறார் என்று மேளக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அடித்தார்கள் பாருங்கள், தட்டோடு வந்த பெண்களே தட்டைக் கைமாற்றிவிட்டு ஆடினார்கள். நான் பாட்டுக்கு விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி ஊதிக்கொண்டு நின்றேன். எனக்கு மூச்சு திரும்பிவிட்டது, அவர்களுக்கு ஆட்டம் முடியவில்லை. நகரட்டும் என்று சொல்ல ஹாரனைத்தான் அடிக்க வேண்டியிருந்தது. அடுத்த இடத்தில் நின்றபோதும் அதே கூத்து. நான் இளைப்பாற நிற்கிறேன் என்று ஒரு ஆளுக்கும் தெரியவில்லை.

மண்டபத்துக்கு முன்னால் ரோடு கொஞ்சம் மேடு. பார்த்தால் தெரியாத மேடு, என் மாதிரி நெஞ்சுக்குத்தான் தெரியும். பாதி மேட்டில் வெயிலும் சேர்ந்துகொண்டது. அவசரத்தில் ஊதாமல் மூன்று நாலு அடி வைத்துவிட்டேன், அவ்வளவுதான், பழைய கதவு சாத்திக்கொண்டது. வண்டிமேல் கவிழ்ந்து நின்றேன். இந்தத் தடவை மேளம் ஓய்ந்துவிட்டது. “மாமனுக்கு என்னாச்சு?” “சோடா கொண்டாங்க!” “நாற்காலி, நாற்காலி!” என்று நாலா பக்கமும் கூடிவிட்டார்கள். கூடக் கூட எனக்குக் காற்று இல்லை. பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினேன். பின்னால் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“தள்ளுங்க! எல்லாரும் தள்ளுங்க! காத்து வரட்டும்!”

கோமதி. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கவேண்டியவள், தட்டோடேயே ரோட்டில் ஓடி வந்திருந்தாள். என் உதட்டைத்தான் பார்த்தாள். நான் அதைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்த ஆரத்தித் தண்ணீர் அவள் பட்டுச்சேலை முழுக்கச் சிந்தியிருந்தது.

“அண்ணே, போதும்” என்றாள். “இங்கேயே ஆரத்தி எடுத்துடறேன். நீங்க நடந்து வந்தாச்சு. மண்டபமே இங்க வந்துருச்சுன்னு வெச்சுக்கங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

யாரும் சொல்லமாட்டார்கள்தான். நான் ஊதினேன். இன்னும் ஒரு முறை ஊதினேன். விசிறிக் காற்று கன்னத்தில் பட்டது. அவள் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் கதவு கொஞ்சம் விலகியது.

“பிள்ளே” என்றேன். “நீ அங்கப் போய் நில்லு. நான் வாறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. திரும்பி, காரைப் பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் போய், மற்ற பெண்களோடு சேர்ந்து, ரோட்டைப் பார்த்து நின்றாள்.

நான் வண்டியைத் தள்ளினேன். மேளக்காரர் ஒருவர் என் காலைப் பார்த்து, அதற்கேற்ற மெதுவான அடியாக அடிக்கத் தொடங்கினார். ஊதி இரண்டடி, இழுத்து ஓரடி. மேடு முடிந்தது. வாசற்படி வந்தது. மாடி ஜன்னலிலிருந்து மணக்கோலத்தில் கீர்த்தனா, “மாமா!” என்று கத்தினாள்.

கோமதி தட்டைச் சுற்றினாள். என் நெற்றியில் பொட்டு வைத்தாள். அப்புறம் அவளுக்குத் தாங்கவில்லை. சம்பந்தி வீட்டார் எல்லோரும் சூழ்ந்து நிற்க, ‘ங்க’வெல்லாம் எங்கோ பறந்துபோக, கண்ணீர் வழிய, “எளவு, இந்த இத்துனூண்டு ரோட்டைத் தாண்ட உனக்கு இம்புட்டு நேரமா?” என்று என்னைத் திட்டினாள்.

கல்யாண வாசலில் எந்தப் பெண்ணின் தாயும் சொல்லக்கூடாத சொல். எல்லோரும் விக்கித்து நிற்க, நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்கிற அளவுக்கு மூச்சு மிச்சம் இருந்தது.